இரவல் கோல்கீப்பர்

அன்பு மச்சான் நேசன்,

செய்தியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சுற்றி வளைத்தால் உனக்குப் பிடிக்காது. உன் அணி முடிந்துவிட்டது. போன சனிக்கிழமையோடு நம் பாடசாலையின் பெண்கள் உதைபந்தாட்ட அணியைப் போட்டியிலிருந்து எடுத்துவிட்டார்கள்.

அன்றிலிருந்து எனக்கு ஓரிடத்தில் இருக்கப் பிடிக்கவில்லை. நான் வேலை செய்கிற பென்ரோஸ் கிடங்கில் ஹமில்டன் நகரத்துக்குப் போக வேண்டிய பெட்டிகளை வேறு லொறியில் ஏற்றிவிட்டேன். வீட்டில் டிவியைப் போடுவதும் நிறுத்துவதுமாக இருந்தேன். சுமதி பொறுத்துப் பார்த்துவிட்டு, "அண்ணாவோட கதைக்க வேணுமெண்டா இருந்து எழுதுங்கோ. சும்மா வீட்டுக்குள்ள நடந்து திரிஞ்சு என்ர தலையைச் சுத்த வைக்காதேங்கோ" என்றாள்.

அதனால் எழுதுகிறேன். முடித்ததும் தமிழ்ச் சங்கத்து மலருக்குக் கொடுக்கப் போகிறேன், நம்முடைய ஆட்களும் படிக்கட்டும். உன்னைத் தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை: நேசன் என் சுமதியின் அண்ணன். ஒனிஹங்காப் பக்கத்துப் பாடசாலை ஒன்றின் பெண்கள் அணியைச் சம்பளம் வாங்காமல் பல வருடம் நடத்தியவன். போன வருடம் மழைக்காலம் தொடங்குமுன் வேலையிடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன், பிறகு எழும்பவில்லை. இன்னும் ஒன்று, எதிரணிக்கு ஆள் குறைந்தால் தன் ஆளை இரவல் கொடுக்கிற பைத்தியக்காரன்.

நீ போன பிறகு அணியை நான் எடுத்தேன். வேறு யாரும் கை தூக்கவில்லை. எனக்குக் கோட்டோரத்தில் கொடி பிடிக்கத் தெரியும், வான் ஓட்டத் தெரியும், தோடம்பழம் வெட்டி உப்பும் மிளகாய்த்தூளும் தூவத் தெரியும். இடைவேளையில் அந்தப் பழத்துக்குப் பிள்ளைகள் இன்னும் அடிபடுகிறார்கள். ஆட்டத்தைப் பற்றி மட்டும் ஒன்றும் தெரியாது. உனக்கு அது தெரிந்திருந்தும் என்னை ஏன் கூட்டிக்கொண்டு திரிந்தாய் என்று இப்போதுதான் யோசிக்கிறேன். வானுக்காகவா?

ஆட்கள் ஒரேயடியாகப் போகவில்லை, மச்சான். வாடகை ஏறியது, இரண்டு பிள்ளைகள் ஏவன்டேலுக்கு வீடு மாறிப் போனார்கள். உன் வலப்பக்க ஓட்டக்காரியின் குடும்பம் பிரிஸ்பேனுக்குப் போய்விட்டது. இன்னும் சிலர் சனிக்கிழமைகளில் சூப்பர்மார்க்கெட்டில் வேலை செய்கிறார்கள், வீட்டுக்கு அந்தக் காசு தேவை, அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன்.

குறை சொல்ல வேண்டியது நம்முடைய ஆட்களை. பெயர் எடுத்த பாடசாலையின் சோனுக்குள், அதாவது அது பிள்ளைகளைச் சேர்க்கிற எல்லைக்குள், வீடு கிடைத்தால் போதும், குளிக்கிற இடம் ஒழுகினாலும் பரவாயில்லை என்று பெட்டி கட்டிவிடுகிறார்கள். மிச்சம் இருந்த ஒரு தகப்பனுக்கு ஃபோன் எடுத்தேன். "அண்ணை, சனிக்கிழமை காலமை கணக்கு டியூஷன், பின்னேரம் டான்ஸ். இடையில ஒரு மணித்தியாலம் கிடக்கு, அதில பிள்ளை சாப்பிட வேணும்" என்றார். சாப்பிடட்டும். நன்றாக மென்று சாப்பிடட்டும்.

இந்த இடத்தில் உன் மகள் அபியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

இந்த வருடத் தொடக்கத்தில், நம் கோல்கீப்பராக நின்ற அபி பாடசாலை மாறினாள். நகரத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிற பெரிய பாடசாலை. செயற்கைப் புல் மைதானம், சம்பளத்துக்குக் கோச், கோல்கீப்பருக்கென்று தனிப் பயிற்சி. அவளை அங்கே கூப்பிட்டது யார் தெரியுமா? நீ ஆள் இரவல் கொடுத்தாயே, அந்தக் கலா டீச்சர்.

மறந்திருக்க மாட்டாய். கலா மலேசியாவிலிருந்து வந்து அந்தப் பாடசாலையில் சேர்ந்த புதிது. முதல் ஆட்டத்துக்கு எட்டுப் பேரோடு வந்து நின்றாள், முகம் வெளிறிப் போயிருந்தது. எட்டுப் பேரோடு விளையாடினால் நம்முடைய பிள்ளைகள் வென்றிருப்பார்கள், அந்த வருடம் மேல் பிரிவுக்குப் போயிருப்பார்கள். நீயோ அப்போது நம் அணியில் நின்ற, இப்போதைய கேப்டன் அனாவின் அக்காவைப் பிடித்து, அந்தப் பக்கத்துச் சட்டையைப் போடச் சொன்னாய். அவள் நமக்கே இரண்டு கோல் போட்டாள். தோற்றோம்.

வானில் வரும்போது நான் உன்னைப் பேசாத பேச்சு இல்லை. "வந்த பிள்ளையள் விளையாடத்தானே வந்தவை, மச்சான்" என்று ஒரு வசனம் சொன்னாய். அதற்குப் பிறகு ரேடியோவைப் போட்டுவிட்டாய். அந்த ரேடியோவை வானோடு சேர்த்துக் கடலில் தள்ளலாம் போல இருந்தது எனக்கு.

அதே கலா உன் மகளைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள் என்றதும் எனக்கு எப்படி இருந்திருக்கும்? உன் வீட்டுக்குப் போய் அபியின் அம்மா மாலதி அக்காவிடம் கத்தினேன், அபி அறைக்குள் இருக்கும்போதே. "அப்பன் கட்டின அணியை விட்டிட்டுப் புல்லுக்கும் சப்பாத்துக்கும் போறாளோ" என்றேன். மாலதி அக்கா தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தார். அபி வெளியே வரவில்லை. அன்றிலிருந்து நானும் அவளும் கதைப்பதில்லை. பிறந்தநாள் விருந்துகளில் அவள் ஒரு மூலையில் இருந்தால் நான் மறு மூலைக்குப் போவேன். நாலு வயதுப் பிள்ளை மாதிரி என்று சுமதி சொல்வாள்.

இனிப் போன சனிக்கிழமைக்கு வருகிறேன்.

ஆள் போதாமல் ஏற்கெனவே இரண்டு ஆட்டங்களை விட்டுக்கொடுத்திருந்தோம். மூன்றாவதையும் விட்டால் அணி வெளியே, அது விதி. ஏழு பேராவது நிற்காவிட்டால் நடுவர் விசில் ஊத மாட்டார், அதுவும் விதி. அன்றைக்கு எதிரணி கலாவின் அணி, ஆட்டம் நம்முடைய மைதானத்தில். காலையில் எழும்பிய நேரம் தொடங்கி எல்லாப் பிள்ளைகளுக்கும் மெசேஜ் அனுப்பிக்கொண்டே இருந்தேன். ஏழு பேர் "யெஸ்" போட்டிருந்தார்கள்.

மைதானத்துக்கு ஆறு பேர்தான் வந்தார்கள். ஏழாவது பிள்ளை கோல்கீப்பர். அவளை வேலைக்குக் கூப்பிட்டுவிட்டார்களாம், அழுகிற முகம் ஒன்றை மெசேஜில் போட்டிருந்தாள். நான் வாசலுக்கும் மைதானத்துக்கும் இடையே நடந்தேன். ரோட்டில் போகிற ஒவ்வொரு காரையும் பார்த்தேன். பக்கத்து டெய்ரிக் கடையில் பால் வாங்கிக்கொண்டு போன ஒரு பெட்டையிடம் எந்தப் பாடசாலை என்று கேட்டேன். அவள் பயந்து போனாள், மச்சான். எனக்கே வெட்கமாகிவிட்டது.

நடுவர் நல்ல மனிதர். மணிக்கூட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடியும் மணிக்கூட்டைப் பார்த்தார். பிறகு மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, விட்டுக்கொடுத்த ஆட்டம் என்று பதிந்தார். அவ்வளவுதான். நீ இத்தனை வருடம் மழையில் நனைந்து கட்டிய அணி, ஒரு பேனா அசைவில் போய்விட்டது. அனா கேப்டன் பட்டியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

அப்போது கலா வந்தாள். "அண்ணே, கணக்குக்கு இது ஆட்டம் இல்லதான். அதுக்காக பிள்ளைங்கள வீட்டுக்கு அனுப்பிடறதா? சும்மா விளையாடிட்டுப் போவோம். எங்கிட்ட பெஞ்சுல நாலு பேரு உக்காந்திருக்காங்க, மூணு பேர நீங்க எடுத்துக்குங்க" என்றாள்.

"தேவையில்லை டீச்சர். ஏற்கெனவே ஒராளை எடுத்திட்டீங்கள், அது காணும்" என்றேன். வாயில் வந்துவிட்டது. கலாவுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும், வரவில்லை. "நேசன் அண்ணே அன்னிக்கு எங்கிட்ட கேட்டுக்கிட்டா குடுத்தாரு?" என்றாள். திரும்பித் தன் பிள்ளைகளிடம் போய்விட்டாள்.

நான் நிமிர்ந்து பார்க்கும்போது மூன்று பிள்ளைகள் மைதானத்தைக் கடந்து வந்துகொண்டிருந்தார்கள். நடுவில் அபி. நம் அணியின் பழைய மஞ்சள் கோல்கீப்பர் சட்டை பையில் கிடந்தது. அவள் என்னைக் கேட்காமலே குனிந்து அதை எடுத்து, தலைவழியாகப் போட்டுக்கொண்டாள். சட்டைக்கை கொஞ்சம் கட்டையாகிவிட்டது, வளர்ந்துவிட்டாள். அனா ஓடிவந்து அவள் தோளில் ஒரு அடி போட்டாள்.

நான் வழக்கம்போலக் கொடியை எடுத்துக்கொண்டு கோட்டோரத்துக்குப் போனேன். அபி கோலுக்குள் நின்று கையுறையை இறுக்கிக்கொண்டிருந்தாள். பிறகு என்னைப் பார்த்துத் தமிழில் கூப்பிட்டாள். எப்போதும் இங்கிலிஷில் பதில் சொல்கிற பிள்ளை. "மாமா, அங்க நிக்காதேங்கோ. இங்க பின்னால வாங்கோ."

கோலுக்குப் பின்னால் உன் இடம். ஆட்டம் முடியும்வரை அங்கேதான் நிற்பாய், தொண்டை கிழியக் கத்துவாய், அதுவும் தமிழில். எதிரணிக்கு விளங்காது என்பது உன் தந்திரம். "வெளியில வா, விடாதை, இடப்பக்கம் பார்" என்று கத்திக் கத்தி, தொங்காத் தீவுப் பிள்ளைகளுக்கும் சமோவாத் தீவுப் பிள்ளைகளுக்கும் அவ்வளவு தமிழ் வந்துவிட்டது. எனக்கு என்ன கத்துவதென்று தெரியவில்லை. போய் நின்றேன். கொடியை அனாவின் தம்பியிடம் கொடுத்தேன்.

முதல் தாக்குதல் வந்தபோது நான் வாயைத் திறக்குமுன் நடுமைதானத்திலிருந்து அனா "விடாதை, விடாதை" என்று கத்தினாள். கலாவின் கோச்சிங் கொஞ்சம் விளங்கியது அப்போது. நீ ஒருநாளும் வெளியே வர வைக்க முடியாத உன் மகள் கோலை விட்டுப் பாய்ந்து வெளியே வந்து, தன் அணிக்காரியின் காலிலிருந்தே பந்தைப் பிடுங்கினாள். அதற்குப் பிறகு நானும் கத்தினேன். என்ன கத்தினேன் என்று கேட்காதே. சுமதியை மார்க்கெட்டில் கூப்பிடுகிற மாதிரி இருந்ததாம், அனா பிறகு செய்து காட்டினாள். எத்தனை கோல் வாங்கினோம் என்றும் கேட்காதே. தோற்றோம், நன்றாகத் தோற்றோம்.

ஆட்டம் முடிந்ததும் கலாவின் பஸ் இன்ஜினைப் போட்டுக்கொண்டு காத்திருந்தது. அபி போகவில்லை. வலையைக் கழற்றத் தொடங்கினாள். முன்பு நீயும் அவளும் செய்கிற வேலை. நான் மறுபக்கக் கொளுக்கிகளைக் கழற்றினேன். வலைக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு, என்னைப் பார்க்காமலே இங்கிலிஷில் சொன்னாள்.

புல்லுக்காகப் போகவில்லையாம். நீ போன பிறகும் இதே கோலில் சில ஆட்டம் நின்றாள் அல்லவா, அப்போது ஒவ்வொரு தடவையும் பின்னால் திரும்பிப் பார்ப்பாளாம். பந்து வருகிற நேரத்திலும் பார்ப்பாளாம். அதனால் விட்ட கோல்களுக்குப் பிள்ளைகள் யாரும் அவளை ஒரு சொல் சொல்லவில்லை, அதுதான் இன்னும் தாங்க முடியவில்லையாம். நீ நிற்காத ஒரு மைதானம் அவளுக்கு வேண்டியிருந்தது. இதை அம்மாவிடம் மட்டும் சொல்லியிருக்கிறாள். பிறகு தமிழுக்கு வந்தாள். "நீங்கள் கேக்கேல்லையே மாமா. கத்தினீங்கள் மட்டும்."

எனக்கு அழுகை வந்தது, மச்சான். வலையை முகத்துக்கு முன்னால் தூக்கிப் பிடித்துக்கொண்டு சுருட்டினேன். "இண்டைக்கும் திரும்பிப் பாத்தனியோ?" என்று கேட்டேன். "ஓம்," என்றாள். "நீங்கள் நிண்டீங்கள்." பிறகு பஸ்ஸுக்கு ஓடிவிட்டாள், மஞ்சள் சட்டையோடே. திருப்பிக் கேட்க எனக்கு மனம் வரவில்லை.

இதற்குப் பிறகு எனக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும், கதைகளில் அப்படித்தான் வரும். வரவில்லை. அணி போனது போனதுதான். பக்கத்துப் பாடசாலையோடு சேர்த்துவிடலாம் என்கிறார் விளையாட்டுப் பொறுப்பாளர், அவர்களுடைய சட்டை நிறத்தில், அவர்களுடைய மைதானத்தில். இல்லையென்றால் ஏழு பேர் விளையாடுகிற சின்னப் போட்டி ஒன்று இருக்கிறது, அதில் கோப்பையும் இல்லை, மேல் பிரிவும் இல்லை. நீ இருந்திருந்தால் எதை எடுப்பாய்? அனாவும் அடுத்த வருடத்தோடு படித்து முடிக்கிறாள், அதற்குப் பிறகு யார் "விடாதை" என்று கத்துவது? இந்தக் கேள்விகளை வைத்துக்கொண்டுதான் வீட்டுக்குள் நடக்கிறேன்.

சங்கத்து மலர் படிக்கிற பெற்றோரே, உங்களிடம் ஒரு மணித்தியாலம் இருக்கிறதென்று எனக்குத் தெரியும். பிள்ளை என் வானுக்குள் இருந்து சாப்பிடலாம். தோடம்பழமும் தருவேன்.

உனக்கு என் வாக்கு இது, மச்சான். ஏழு பேர் போட்டிக்கு நம் பாடசாலையின் பெயரைத் திங்கட்கிழமை கொடுக்கிறேன், நம்முடைய நிறத்தில், நம்முடைய மைதானத்தில். அபியின் ஆட்டங்களுக்கும் போவேன், அவள் எந்தச் சட்டை போட்டாலும் கோலுக்குப் பின்னால் நிற்பேன். அவள் திரும்பிப் பார்ப்பதை நிறுத்துகிற நாளில் கோட்டோரத்துக்குப் போய்விடுகிறேன். எதிரணிக்கு ஆள் குறைந்தால் இரவலும் கொடுப்பேன், ஆனால் கோல்கீப்பரை மட்டும் கேட்கக் கூடாது.

சரி, சரி, முறைக்காதே. கோல்கீப்பரையும் கொடுப்பேன்.

இப்படிக்கு,
உன் தங்கையைக் கட்டியவன், உன் வான்காரன், இப்போது உன் இடத்தில் நின்று கத்துகிற
மச்சான் குகன்