பிடுங்கிய தட்டி

ஷ்ராப்ஷயர்,
1908 மே 26

அன்புள்ள ஆம்ப்ரோஸ் அண்ணா,

லண்டன் தடை ஓட்டத் தேர்வில் ஓடாமலே விலகப் போகிறாய் என்று எழுதியிருக்கிறாயே! மைதானத்துத் தடைகள் கால் பட்டால் சாய்ந்துவிடும். அது தெரிந்தும் தேவைக்கு மேல் எம்பித் தாண்டிப் பின்தங்குகிறாய். நம் ஆட்டுப்பட்டியின் மரத் தட்டிகளைத் தாண்டிப் பழகும்போது இடித்துக் காலை முறித்துக்கொண்டவனுக்குப் பயம் இருக்காதா? அப்பா அவற்றை அவ்வளவு ஆழமாக அடித்திருந்தார். "இனிமே ஓட்டம்னு பேசினா கேட்டைப் பூட்டிடுவேன்" என்றார், பூட்டினார். நீ வேலியைத் தாண்டிப் போய்விட்டாய்.

இன்று ஆடுகளை ஓடையில் குளிப்பாட்டக் கொண்டுபோனோம். வழியில் ஒரு தட்டி. முதல் ஆடு அதைத் தாண்டியதும் அப்பா தட்டியைப் பிடுங்கிவிட்டார். ஆனால் பின்னால் வந்த அத்தனை ஆடுகளும் அதே இடத்தில் வெறுங்காற்றைத் தாண்டின! நான் சிரித்தேன்.

"சிரிக்காதடி. தட்டி போனது அதுங்க காலுக்கு இன்னும் தெரியல" என்றார் அப்பா.

சற்று நேரம் கழித்து, என்னைப் பாராமலே, "உங்க அண்ணன் என்னிக்கு ஓடுறான்?" என்றார்.

அண்ணா, அந்தத் தட்டி இப்போது இல்லை. உன் கால்களிடம் சொல்.

அன்புத் தங்கை,
வினிஃப்ரெட்

லண்டன்,
ஜூன் 7

என் வின்னிக்குட்டி,

ஓடினேன். மூன்றாவது தடையில் குதிகால் இடித்தது. தடைதான் விழுந்தது, நான் விழவில்லை! அதன்பின் தாழ்வாகவே தாண்டினேன். இன்னொன்றும் சாய்ந்தது, மூன்று சாய்ந்தால் வெளியேற்றிவிடுவார்கள் என்பதால் மிச்சத் தடைகளை எண்ணிக்கொண்டே ஓடினேன். பக்கத்தில் ஓடியவன், "நேத்து வரைக்கும் கோழி மாதிரி பறந்தியே, இன்னிக்கு என்னடா ஆச்சு?" என்றான். இரண்டாம் இடம். சர்வதேசப் போட்டிக்கு இருவரை எடுக்கிறார்கள், நானும் ஒருவன்!

ஆட்டு ரோமம் கத்தரிக்க ஆள் வேண்டுமே. நான் வந்தால் அப்பா விடுவாரா?

உன் அண்ணன்,
ஆம்ப்ரோஸ்

ஷ்ராப்ஷயர்,
ஜூன் 9

அண்ணா, என் அண்ணா,

சாப்பாட்டு மேசையில் உன் கடிதத்தை உரக்கப் படித்தேன். அப்பா இரண்டாம் முறையும் படிக்கச் சொன்னார்.

"ரெண்டைச் சாய்ச்சானா? இன்னும் ஒண்ணு சாய்ஞ்சிருந்தா என்ன ஆயிருக்கும், கழுதை!" என்றார். பிறகு எழுந்து போய் கேட்டின் சங்கிலியைக் கழற்றினார். "வரச் சொல்லு. வேலியைத் தாண்ட வேண்டாம், வழியாவே வரட்டும்."

இன்று காலை புல்வெளியில் தட்டிகள் சம இடைவெளியில் வரிசையாக நின்றன. யார் நிறுத்தியது என்று நான் கேட்கவில்லை. ஒன்றை விரலால் தள்ளிப் பார்த்தேன். சாய்ந்துவிட்டது.

உனக்காகக் காத்திருக்கும்
வின்னி