உன் அப்பாவாகப் போய் வந்தேன்

மூவுலகும் மெச்சும் என் அக்கா மகன் மாப்பிள்ளைக்கு,

உங்கள் கல்லூரி வேலை ஆலோசகர் மேல் எனக்கு மலையளவு சந்தேகம் இருந்தது. நீ காதலிக்கும் பையன் இருக்கும் ஊரிலேயே வேலை வேண்டும் என்று அவரிடம் சொல்லிவிட்டாய். இப்போது அது உன் அப்பா காதுக்குப் போய்விடுமோ என்று அந்தப் பக்கமே போகாமல் பதுங்குகிறாய். அதனால் நேற்று நானே உன் அப்பாவாகப் போனேன்.

"என் பையன் ஏன் அந்த ஊரையே பிடிச்சுத் தொங்கறான்?" என்று உறுமினேன். கட்டடமே ஆடியது.

ஆலோசகரம்மா தேநீரை ஆற்றியபடி, "பசங்க இங்க பேசறத வெளிய சொல்றதில்ல சார். அப்பாவா இருந்தாலும்," என்றார்.

"ஃபீஸ் கட்டறவன் நான்."

"ரசீது பக்கத்து கவுண்டர்ல தருவாங்க."

எப்படித் துருவியும் ஒரு சொல் உதிரவில்லை. தைரியமாகப் போய் அவரைப் பார்.

இனி என் சந்தேகமெல்லாம் அந்தப் பையன் மேல்தான். வேலை கிடைத்ததும் வீட்டுக்குக் கூட்டி வா. விசாரிக்க வேண்டும்.

உன் அசல் மாமா