தொடக்கூடாத ஈறு

2024 ஜூலை 13, சனி

நான் பிடுங்கச் சொன்ன பல்லை இந்துஜா பிடுங்க வேண்டாம் என்றாள். அதுவும் நோயாளியின் முன்னாலேயே.

எப்போதும்வென்றான் ஊர்க்காரி வெயிலுகந்தம்மாள். கடைவாய்ப்பல் ஆடுகிறது. ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே புரோப், அந்த அளவுக் கம்பி, எட்டு மில்லிமீட்டர் இறங்கியது; நல்ல ஈறில் மூன்றுதான் இறங்கும். சுற்றிலும் எலும்பு கரைந்துவிட்டது. வேறென்ன செய்ய?

இந்துஜா எங்கள் கிளினிக்குக்குச் சனிக்கிழமை மட்டும் வரும் ஈறு டாக்டர், எம்.டி.எஸ். நான் பி.டி.எஸ்.ஸோடு நின்றவள், தினமும் வருகிறேன். அவள் அப்பாவின் தீப்பெட்டி ஆபீசில் பெட்டி அடைத்தவள் என் அம்மா. இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

ஜூலை 20, சனி

பிடுங்காமலே வைத்தியம் செய்துவிட்டாள். விலை கூடிய மருந்து எதையாவது வைப்பாள், வெள்ளாமை பார்க்கும் சம்சாரி வீட்டுக்கு இதெல்லாம் கட்டுப்படியாகுமா என்று கேட்கலாம் எனக் காத்திருந்தேன். அவளோ அந்த அம்மாவின் கையிலிருந்தே ரத்தம் எடுத்து மிஷினில் சுற்றவிட்டாள். குழாயின் நடுவில் வெளிர்மஞ்சளாய் ஒரு கட்டி. அதிலுள்ள வளர்ச்சிக் காரணிகள் எலும்பையும், பல்லை இழுத்துப் பிடிக்கும் நாரையும் மறுபடி வளரத் தூண்டும். தெரியும், நானும் படித்தேன். ஈறைத் திறந்து சுத்தம் செய்து, பள்ளத்தில் அதை வைத்துத் தைத்தாள்.

கோபப்பட ஒன்றும் கிடைக்கவில்லை. அதுதான் கூடுதலாக எரிகிறது.

"ஆறு மாசத்துக்கு யாரும் புரோப் போடக்கூடாது. புதுசா ஒட்டுறது கிழிஞ்சிரும்" என்றாள், என்னைப் பார்த்து. ஏன் என்னைப் பார்த்து?

ஜூலை 21, ஞாயிறு

அம்மாவிடம் உளறிவிட்டேன். சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டாள்: "அப்ப எம்பல்லையும் வச்சிருக்கலாமோட்டி?"

அதே பல். அதே நோய். போன வருஷம் பிடுங்கியது நான்.

இப்போது அம்மாவுக்கு மறுபக்கப் பல்லும் ஆடுகிறது. இந்துஜாவிடம் போய்க் கேட்பதா? அவள் அப்பாவிடம் அம்மா லீவு கேட்டு நின்றது போதும்.

ஜூலை 27, சனி

தையல் பிரித்தாள். ஈறு நன்றாக ஆறியிருக்கிறது. சே.

அக்டோபர் 23, புதன்

வெயிலுகந்தம்மாள் காலில் கரிசல் மண் ஒட்ட வந்து உட்கார்ந்தாள். "ஆட்டம் நின்னாப்ல இருக்கும்மா. ஒட்டிருச்சான்னு ஒரு குத்து குத்திப் பாருங்க."

இந்துஜா இல்லை. புரோப்பைக் கையில் எடுத்துவிட்டேன். இறங்க வேண்டும், எட்டு மில்லியும் இறங்க வேண்டும் என்றுதான் இருந்தது. இறங்கினால் அம்மாவுக்கு நான் செய்தது சரி.

ஆனால் இப்போது குத்தி இறங்கினால்? ஒட்டாமல் போனதா, நான் கிழித்ததா, யார் சொல்வது? அப்புறம் அம்மா கேட்டதற்கு உண்மையான பதில் எனக்குக் கிடைக்கவே கிடைக்காது.

தட்டில் வைத்துவிட்டேன். "தை கழிச்சு வாங்க."

2025 பிப்ரவரி 15, சனி

இந்துஜா புரோப்பை என்னிடம் நீட்டினாள். "நீ அளந்து சொல்லு, செல்வி. நான் போட்டா நல்லா வந்திருக்கணுமேன்னு கை பதுங்கும். உனக்கு அந்தக் கவலை இல்லையே."

சிரித்துக்கொண்டே சொன்னாள். என் எரிச்சல் இத்தனை நாளும் அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

போட்டேன். எட்டு இருந்த இடத்தில் நாலு. நம்பவில்லை. தேவைக்கு மேலேயே அழுத்தினேன்.

"என்னம்மா, எம்மேல எதும் கோவமா?" என்றாள் வெயிலுகந்தம்மாள்.

இறங்கவில்லை. "நாலு" என்றேன் சத்தமாக.

பிப்ரவரி 16, ஞாயிறு

இந்துஜாவிடம் காட்டலாம் என்றதற்கு அம்மா: "மொதலாளி மவ முன்னால நான் வாயத் தொறக்கமாட்டேன்."

"டாக்டர் முன்னால தொற" என்றேன். இதை நானா சொன்னேன்?

மார்ச் 1, சனி

அம்மா நாற்காலியில் விறைப்பாக உட்கார்ந்திருந்தாள். இந்துஜா ஊசியை எடுத்ததும் கையை இழுத்துக்கொண்டாள். "ரத்தத்த நீ எடுட்டி. மத்ததெல்லாம் அவிய பாக்கட்டும்."

எடுத்தேன். குழாய் வெதுவெதுப்பாக இருந்தது. இந்துஜாவை இன்னும் எனக்குப் பிடிக்கவில்லை.

"சீக்கிரம் தா, மிஷின்ல சுத்துறதுக்கு முன்னாலயே உறைஞ்சிரும்" என்று இந்துஜா கையை நீட்டினாள்.

கொடுத்தேன்.