எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கிற குளிசை

மல்வேர்ன், கனடா,
ஞாயிறு பின்னேரம்

அன்புள்ள தங்கச்சி மலருக்கு,

நீயும் மச்சானும் நோய் நொடி இல்லாமல் இருக்க வேண்டும் என்று நல்லூர்க் கந்தனைக் கேட்டுக்கொண்டு தொடங்குகிறேன். இதைப் பேனையால் எழுதி, படம் எடுத்து உன் போனுக்கு அனுப்பப்போகிறேன். எட்டாம் வகுப்போடு நின்றவனின் எழுத்து, பொறுத்துக்கொள். போனிலேயே சொல்லலாம்தான். ஆனால் நீ அழுவாய். நீ அழுதால் நான் கதையை மாற்றிவிடுவேன். என்னை உனக்குத் தெரியும்.

முதலில் நல்ல செய்தி. உன் மகள் துர்க்கா ஆஸ்பத்திரியில் ராசாத்தி மாதிரி இருக்கிறாள். போய்ப் பத்து நாள். கட்டிலில் இருந்தபடியே ஏரி முழுவதும் தெரியும். பெரிய டொக்டர் என்னைக் கண்டால் கதிரையை விட்டு எழும்புவார். இந்த வருத்தத்துக்கு அவரை விட்டால் கனடாவில் ஆளில்லை, அமெரிக்காவிலிருந்து பிளேன் பிடித்து வருகிறார்கள். சரி, ஏரி கொஞ்சம்தான் தெரியும். மிச்சம் கார் நிறுத்துகிற இடம்.

மூன்று கிழமையாக அவள் உன்னோடு முகம் காட்டாமல் கதைத்ததற்கு எங்கள் வீட்டு இன்டர்நெட்டைக் குறை சொன்னேன். இன்டர்நெட் நன்றாகத்தான் வேலை செய்கிறது.

மார்கழியில் வாய்க்குள் புண் வந்தது. கொலிஜ் முடிந்து வேலைக்கு ஓடுகிற பிள்ளை, நேரத்துக்குச் சாப்பாடு இல்லை, உடம்புச் சூடு என்று நினைத்தோம். தையில் முதுகிலும் நெஞ்சிலும் தண்ணீர் கட்டின கொப்புளங்கள். தொட்டால் தோல் அப்படியே உரிந்து வந்தது. அதற்குப் பெயர் பெம்பிகஸ். கிருமி இல்லை, நாவூறு இல்லை. மிளகாய் சுற்றிப் போடாதே. ஒருவரிடமிருந்தும் தொற்றவில்லை, ஒருவருக்கும் தொற்றாது. நம்மைக் காக்கிற எதிர்ப்புச் சக்தியே அவளுக்கு எதிராகத் திரும்பிவிட்டது.

பக்கத்து ஊர் பிக்கரிங்கில் பாதிப் பாத்ரூமுக்கு உன் அண்ணன் டைல்ஸ் ஒட்டினது, அதனால் எனக்கு இது உடனே விளங்கியது. தோலுக்குள்ளேயும் ஒன்றோடு ஒன்றைப் பிடித்து வைத்திருக்கிற பசை ஒன்று இருக்கிறதாம். அவளுடைய எதிர்ப்புச் சக்தி அந்தப் பசையை எதிரி என்று நினைத்து அரிக்கிறது. டைல்ஸ் கழன்றால் இரண்டு மணித்தியாலத்தில் ஒட்டிவிடுவேன். இதற்கு என்னிடம் ஒரு ஆயுதமும் இல்லை, மலர். கட்டிலுக்குப் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறேன். நேர்ஸ் புண்ணுக்குச் சுற்றின சீலையை மாற்றும்போது வெளியே போகச் சொல்வார்கள். உள்ளே அவள் கத்துவது கதவடியில் கேட்கும்.

இனி, எழுத வேண்டியதை எழுதுகிறேன். மச்சானுக்கு நெஞ்சு வருத்தம், நீ மட்டும் வாசி.

டொக்டர் தையிலேயே குளிசை தந்தார். எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கிற குளிசை. எனக்குச் சிரிப்பு வந்தது. கொரோனா நேரம் உலகமே எதிர்ப்புச் சக்தியைக் கூட்டு, கூட்டு என்று கத்தியது. அப்போது நான் கொத்தமல்லியும் மஞ்சளும் அவித்து எங்கள் வரிசையில் உள்ள அத்தனை வீட்டுக்கும் கொடுத்தேன். ஒருவரும் தும்மக்கூட இல்லை. உன் அண்ணி வேணிக்கு மட்டும் வந்தது. அப்படிப்பட்ட எனக்கு ஒரு டொக்டர் குறைக்கச் சொல்கிறாரே என்று, குளிசையைப் பாதியாக்கச் சொன்னேன். கடையில் ஒரு பச்சைப் பவுடர் வாங்கி, சக்தி கூடட்டும் என்று பாலில் கரைத்துக் கொடுத்தேன். முகம் வீங்கத் தொடங்கியதும், முழுக்க நிறுத்து என்றேன். அவள் தயங்கினாள். அப்போதுதான் இங்கே வோபர்ன் பக்கம் இருந்த ஒரு ஆளைப் பற்றிச் சொன்னேன். இதே குளிசையைப் போட்டு, உடம்பில் சக்தி எல்லாம் போய், ஒரு சாதாரணச் சளித் தடிமனில் நாலே நாளில் செத்துப்போனான். செத்தவீட்டுக்கு நானே போனேன் என்று.

அப்படி ஒரு ஆள் இல்லை, மலர். நான் எந்தச் செத்தவீட்டுக்கும் போகவில்லை.

நிறுத்தி ஒன்பதாம் நாள் கொப்புளம் உடம்பு முழுக்க ஏறிவிட்டது. குளிசையைத் திடீரென்று நிறுத்தியதுதான் காரணம் என்று டொக்டர் சொன்னார். யார் நிறுத்தச் சொன்னது என்று கேட்டார். துர்க்கா என்னைப் பார்த்தாள், பிறகு தானாகத்தான் நிறுத்தினதாகச் சொன்னாள். பழியை அவள் மேலேயே விட்டுவிட்டேன்.

இப்போது நரம்பில் ஒரு மருந்து ஏற்ற வேண்டும் என்கிறார்கள். செவ்வாய்க்கிழமை அவள் கையெழுத்து வைக்க வேண்டும். இருபத்துநாலு வயது, அவளுக்காக நானோ வேணியோ வைக்க முடியாது. அதுவும் எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கிற மருந்துதான். ஆபத்து இல்லை என்று டொக்டர் சொல்லவில்லை. கிருமி தொற்றலாம், கிட்ட இருந்து கவனிப்போம் என்றார். ஆனால் ஏற்றாமல் விட்டால், தோல் போன இடத்தால் கிருமி புகுவது இதைவிடப் பெரிய ஆபத்தாம்.

அவள் மாட்டேன் என்கிறாள். அந்த வோபர்ன் ஆள் மாதிரிச் சாக மாட்டாளாம்.

வெள்ளிக்கிழமை வெட்கத்தை விட்டுச் சொன்னேன், அது என் வாயில் வந்த கதை பிள்ளை, அப்படி ஒருவனும் இல்லை என்று. அவள் வாய்ப்புண்ணோடு மெதுவாகச் சொன்னாள்: "என்னைக் கையெழுத்து வைக்கப் பண்ணத்தானே மாமா இப்ப பொய் சொல்லுறீங்கள்."

உனக்கு விசா கிடைத்திருந்தால் நீயே பக்கத்தில் இருந்திருப்பாய். இரண்டு தரம் மறுத்துவிட்டார்கள், அதற்கும் என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை. ஆகையால் நாளைக்கே அவளைக் கூப்பிடு. முகத்தைக் காட்டச் சொல்லு, பார்த்ததும் அழாதே. உன் மாமனுக்கு மருந்தைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது என்று சொல்லு. சின்ன வயதில் நான் அவிழ்த்துவிட்ட பொய்கள் எல்லாவற்றையும் சொல்லு, என்னைக் காப்பாற்ற நினைக்காதே. நான் சொன்னால் எடுபடாது. நீ அவளுக்கு ஒருநாளும் பொய் சொன்னதில்லை.

கையெழுத்து வைத்த பிறகு நீங்கள் இரண்டு பேரும் என்னோடு கதைக்காமல் விட்டாலும் பரவாயில்லை. துர்க்கா நூறு வயதுக்கு இருக்க வேண்டும். இதில் நான் ஒரு சொல்லும் கூட்டி எழுதவில்லை.

உன் அண்ணன்,
சிவபாதம்