வெறும் வயிறும் ஒரு தம்ளர் காப்பியும்

மதினி,

இன்று காலை பால் பொங்கப் போகிற நேரத்தில் உங்கள் மகன் செல்போனில் ஒரு செய்தி அனுப்பினான். யாரோ எழுதி, யாரோ யாருக்கோ அனுப்பி, கடைசியில் எனக்கு வந்து சேர்ந்தது. காப்பியை அளவோடு குடித்தால் கல்லீரலுக்கு நல்லதாம். மறதி நோய் எட்டிப் பார்க்காதாம். மனச்சோர்வு குறையுமாம். கீழே கும்பிடுகிற இரண்டு கைகளின் படம். கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு முழுதும் படித்துவிட்டு நிமிர்ந்தால், பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்து கிடந்தது. எனக்கு வந்த கோபம் பாலுக்காக இல்லை. காப்பி எலும்பை அரிக்கும், நரம்பைத் தின்னும், காப்பி மெல்லக் கொல்லும் விஷம் என்று ஒரு காலத்தில் வாரம் தவறாமல் அனுப்பி உங்கள் உயிரை வாங்கியவனும் இதே பயல்தானே!

காந்திப்போன பால் வாடையும் வடிகட்டியில் சொட்டிக்கொண்டிருந்த டிக்காஷன் வாடையும் அடுக்களையில் சேர்ந்து நின்றன. நீங்கள் இருந்திருந்தால் முதலில் என்னைத்தான் வைதிருப்பீர்கள், அப்புறம்தான் மகனை. அடுப்பைத் துடைத்துவிட்டு எழுத உட்கார்ந்தேன்.

மதினியும் நாத்தனாரும் ஒரே வீட்டில் இருந்தால் ஊர் எதிர்பார்ப்பது சண்டையைத்தான். நாமும் ஊரை ஏமாற்றவில்லை. கட்டிக்கொடுத்த இடத்தில் சரிப்படாமல் திரும்பி வந்து, மில் வேலைக்குப் போய்ச் சம்பாதித்த திமிர் எனக்கு. வீட்டுக்கு மூத்த மருமகள் என்கிற திமிர் உங்களுக்கு. அண்ணன் இருந்தவரை நடுவில் ஒரு ஆள் இருந்தது. அண்ணன் போனார், மகன் வேலை கிடைத்து ஓசூருக்குப் போனான், விக்கிரமசிங்கபுரத்து வீட்டில் நாம் இரண்டு பேர் மட்டும் மிஞ்சினோம். உப்பு முதல் ஊறுகாய் வரை எல்லாவற்றிலும் நமக்கு வாய்ச்சண்டைதான். காப்பியில் மட்டும் சண்டை கிடையாது. அது உங்கள் இலாகா என்று நான் எப்போதோ விட்டுக்கொடுத்திருந்தேன்.

பொடியை அம்பாசமுத்திரத்துக் கடையில் கண் முன்னால் அரைத்துத்தான் வாங்குவீர்கள். சிக்கரி கொஞ்சமாகத்தான் சேர்க்க வேண்டும். வடிகட்டியில் பொடியைப் போட்டு அமுக்கவும் கூடாது, பொலபொலவென்று விடவும் கூடாது. கொதிக்கிற தண்ணீரைப் பைய ஊற்றிவிட்டு அந்தப் பக்கமே திரும்பாமல் வேறு வேலை பார்ப்பீர்கள். பார்த்துக்கொண்டே நின்றால் இறங்காது என்பது உங்கள் கட்சி. முதல் டிக்காஷன் நமக்கு. வேண்டாத ஆள் யாராவது வந்தால் இரண்டாம் டிக்காஷன். எதிர் வீட்டுக்காரி வந்து உட்காரும்போதெல்லாம் அவள் தம்ளரின் நிறத்தைப் பார்த்தே அன்றைக்கு உங்களுக்கு அவள் மேல் எவ்வளவு கோபம் என்று கண்டுபிடித்துவிடுவேன். அவள் கடைசிவரை கண்டுபிடிக்கவில்லை.

அப்படிப்பட்ட நீங்கள் ஒரு மழைக்காலத்தில், கையில் கீரைக் கட்டை வைத்துக்கொண்டு ஆய்ந்தபடியே தூங்கிப்போனீர்கள். வயதாகிறது என்று நினைத்தேன். முகம் வீங்கியது, முடி கொத்தாக உதிர்ந்தது, நாலு தெரு தள்ளி இருக்கும் ரேஷன் கடைக்குப் போய்வந்தால் அன்று முழுக்கப் படுக்கை. அம்பாசமுத்திரத்தில் ஒரு சின்ன வயது டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனேன். தைராய்டு குறைவாம். மல்லி விதை அளவில் ஒரு மாத்திரை. தினமும் காலையில் வெறும் வயிற்றில் போட வேண்டும், அவ்வளவுதான் என்றார். இவ்வளவு சின்ன மாத்திரையா என்று நீங்கள் அதை நம்பவே இல்லை.

உங்கள் நம்பிக்கையின்மைக்கு ஏற்றாற்போல அதுவும் வேலை செய்யவில்லை. மாதக்கணக்கில் போட்டும் ரத்தத்தில் அளவு சரியாகவில்லை. டாக்டரம்மா ஒவ்வொரு தடவையும் “வெறும் வயித்துலதானே போடுதீங்க?” என்று கேட்பார். “ஆமா தாயி, வெறும் வயித்துலதான்” என்பீர்கள். அவர் மாத்திரையின் அளவைக் கூட்டுவார். திரும்பி வருவோம். வீக்கம் அப்படியே இருக்கும்.

மருந்து பலிக்காத வீட்டில் ஊரே வைத்தியராகிவிடும். எதிர் வீட்டுக்காரி, எல்லாம் காப்பியால் வந்தது என்றாள். உங்கள் மகன் ஓசூரிலிருந்து அதையே ஆங்கிலத்திலும் தமிழிலும் அனுப்பினான். அவன் மன நிம்மதிக்காக நீங்களும் நிறுத்திப் பார்த்தீர்கள். அந்தச் சில நாட்கள் நான் பட்ட பாடு! தலைவலி என்று நெற்றியில் துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு, என் நிழல் பட்டால்கூட வைதீர்கள். தினம் குடிப்பவர்கள் திடீரென்று நிறுத்தினால் தலை வலிக்கத்தான் செய்யும் என்று அப்போது நமக்கு யாரும் சொல்லவில்லை. அப்புறம் ஒரு நாள் காலையில் நான் எழுந்தபோது வடிகட்டி அடுப்புப் பக்கத்தில் இருந்தது. நீங்கள் என்னைப் பார்க்கவில்லை. ஒரு தம்ளரை எடுத்து நீட்டினேன்.

கடைசியில் மகன் லீவு போட்டு வந்துவிட்டான். “அம்மாவ ஓசூருக்குக் கூட்டிட்டுப் போயிருதேன் அத்தை. அங்க பெரிய ஆஸ்பத்திரி இருக்கு. எங்க வீட்டுல காப்பியே கெடையாது, காலையில சீரகத் தண்ணிதான். தன்னால சரியாயிரும்” என்றான். நல்ல பிள்ளைதான், தாய் மேல் உள்ள பயத்தில் பேசினான். நீங்கள் மறுத்துப் பேசுவீர்கள் என்று எதிர்பார்த்தேன். “சரிடே, வாரேன்” என்றீர்கள். அந்தச் ‘சரி’யில் உடம்பில் தெம்பில்லாதது தெரிந்தது. கொடியில் கிடந்த உங்கள் சேலைகளை மடித்துப் பெட்டியில் வைத்தது நான்தான். அவன் முன்னால், இனி இந்த வீட்டில் சண்டை போட ஆளில்லை என்று வேடிக்கையாகச் சொன்னேன். உண்மையில் பயந்துபோயிருந்தேன், மதினி. நீங்கள் போனால் திரும்பி வரமாட்டீர்கள் என்று எனக்குத் தெரியும். இந்த வயதில் தனியாக ஒரு ஆளுக்குப் பால் வாங்கி, ஒரு ஆளுக்குச் சோறு வடித்து வாழ வேண்டியிருக்கும்.

ஓசூர் டாக்டரிடம் காட்டுவதற்கு விவரம் எழுதி வாங்க வேண்டும் என்று மூன்று பேரும் அம்பாசமுத்திரம் போனோம். டாக்டரம்மா எழுத ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்திவிட்டு உங்களைப் பார்த்தார்.

“காலையில எந்திரிச்சதுல இருந்து என்னென்ன செய்வீங்கன்னு ஒண்ணு விடாமச் சொல்லுங்கம்மா.”

“என்னத்தச் சொல்ல? எந்திப்பேன். பல்லு வெளக்கி, வாசத் தெளிச்சு, காப்பியப் போடுவேன். மாத்திரைய நாக்குல வச்சு ஒரு மடக்கு காப்பியில முழுங்கிட்டு...”

அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். “காப்பியிலயா? வெறும் வயித்துல போடுதேன்னு தடவைக்குத் தடவை சொன்னீங்களே!”

“வெறும் வயித்துலதாம்மா போடுதேன். காப்பி என்ன சாப்பாடா?”

உங்கள் மகன் தலையில் கை வைத்தான். டாக்டரம்மா சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் சிரித்துவிட்டார். எனக்கும் சிரிப்பு வந்தது, ஆனால் நீங்கள் சொன்னதில் என்ன தப்பு என்று அந்த நிமிடம் எனக்கும் விளங்கவில்லை. நம் பக்கத்தில் யார் காப்பியைச் சாப்பாட்டில் சேர்த்தார்கள்? சாப்பிட்டாச்சா என்று கேட்டால், இல்லை, வெறும் காப்பிதான் குடித்தேன் என்போம். பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் வெள்ளிக்கிழமை விரதம் இருக்கிறவள்கூட இரண்டு தம்ளர் காப்பி குடித்துவிட்டுத்தான் கோவிலுக்குக் கிளம்புவாள்.

காப்பியோடு சேர்ந்து உள்ளே போனால் அந்த மாத்திரை சரியாக உடம்பில் சேராது என்று டாக்டரம்மா பொறுமையாக விளக்கினார். இவ்வளவு மாதமும் கூட்டிக் கூட்டிக் கொடுத்த மருந்தைக் காப்பி வாசலிலேயே நிறுத்தி வைத்திருந்தது. உங்கள் மகன் உடனே, “அப்ப காப்பிய நிறுத்திரட்டா டாக்டர்?” என்றான்.

“எதுக்கு நிறுத்தணும்? மாத்திரையப் பச்சைத் தண்ணியில போடட்டும். ஒரு மணி நேரம் போன பெறவு காப்பி குடிக்கட்டும். சாயங்காலத்துக்கு மேல வேண்டாம், தூக்கம் கெடும். காப்பியில போடுத சீனிய மட்டும் கொறைக்கணும். மாத்திரை அளவக் கொறைச்சு எழுதுதேன். கொஞ்ச நாள் கழிச்சு இங்கனயே ரத்தம் பாத்துட்டு, பெறவு ஓசூரு போறதப் பத்தி யோசிங்க.”

பஸ்ஸில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தீர்கள். ஓசூர்ப் பயணம் தள்ளிப்போனதற்காக இருக்கும் என்று நினைத்தேன். பாபநாசம் ரோட்டில் இறங்கியதும் சொன்னீர்கள்: “எந்திரிச்சு ஒரு மணி நேரம் காப்பி இல்லாம ஒரு மனுசி என்னட்டி செய்வா?”

மறுநாள் மாத்திரை போட்டதும் அடுக்களைக்கும் வாசலுக்குமாக நடந்தீர்கள். நான் வழக்கம்போல எனக்குக் காப்பி கலக்கப் போனேன். வந்தது பாருங்கள் கோபம்! “நான் மட்டும் தனியாக் காத்துக் கெடக்கணுமாக்கும்? நீ எம்மூக்கு முன்னால குடிப்பியாக்கும்?” தம்ளரைப் பிடுங்கிக் கவிழ்த்துவிட்டீர்கள். எனக்கு நோயும் இல்லை, மாத்திரையும் இல்லை. ஆனாலும் தண்டனை இரண்டு பேருக்கும். வீட்டில் இருந்தால் வாடை இழுக்கும் என்று துண்டை எடுத்துக்கொண்டு ஆற்றுக்குக் கிளம்பினோம்.

அந்த ஒரு மணி நேரத்தில்தான் நாம் பேச ஆரம்பித்தோம். அதுவரை பேசியதெல்லாம் கணக்கில் வராது. தாமிரபரணியில் இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டு நீங்கள் பிறந்து வளர்ந்த ராதாபுரத்துக் கதையெல்லாம் சொன்னீர்கள். உங்கள் வீட்டில் பால் காப்பி கிடையாது. கருப்பட்டி போட்ட கடுங்காப்பிதான். கல்யாணமாகி வந்த மூன்றாம் நாளே இந்த ஊரும் மனுசரும் பிடிக்காமல் ஓடிப்போய்விடலாம் என்று இருந்தீர்களாம். அப்போதுதான் என் அம்மா ஒரு தம்ளர் பால் காப்பியைக் கையில் கொடுத்தாளாம்.

“இதுக்காகவாவது கொஞ்ச நாள் இருந்து பாப்போம்னு நெனச்சேன்.”

“எங்க அண்ணனுக்காவ இல்லையாக்கும்?”

“ஒங்க அண்ணனா? அவுக அப்பம் எம்மூஞ்சியவே பாக்க மாட்டாக. காப்பிதாம்ட்டி மொதல்ல சிரிச்சுது.”

துணி துவைத்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்க்கும்படி சிரித்தேன். ஈரச் சேலையோடு வீட்டுக்கு வந்து குடித்த காப்பி இருக்கிறதே, அதற்கு முன்னால் குடித்தது எதையும் காப்பி என்று சொல்ல மாட்டேன். பசியும் குளிரும் காத்திருப்பும் சேர்ந்ததில், பாதிச் சீனியிலேயே தித்தித்தது. எழுந்தவுடன் குடித்துக் குடித்து எனக்கு இருந்த நெஞ்செரிச்சல்கூட எங்கே போனதென்று தெரியவில்லை.

அடுத்த ரத்தப் பரிசோதனையில் அளவு கொஞ்சம் தேறியிருந்தது. அதற்கடுத்ததில் சரியாகவே இருந்தது. முக வீக்கம் வடிந்து பழைய மூக்கும் முழியும் திரும்பின, பழைய வாயும் திரும்பியது. உங்கள் மகன் ஓசூர்ப் பேச்சை விட்டுவிட்டான். பெட்டியிலிருந்த சேலைகளை நான் எடுத்து மறுபடி கொடியில் போட்டேன். அப்படிச் சில வருடங்கள் கிடைத்தன. நல்ல வருடங்கள்.

போன வருடம் மாரடைப்பில் போனீர்கள். உங்கள் அப்பாவும் உங்கள் கூடப்பிறந்த அண்ணனும் அப்படித்தான் போனார்கள், அது உங்கள் வீட்டு ரத்தம். துக்க வீட்டில் அடுப்பு எரியக்கூடாது என்று எதிர் வீட்டுக்காரிதான் தூக்குவாளி நிறையக் காப்பி கொண்டுவந்தாள். எல்லோருக்கும் ஊற்றிக்கொண்டே, “காப்பி காப்பின்னு குடிச்சே போய்ச் சேந்துட்டா மகராசி” என்றாள். சொல்லிவிட்டுத் தனக்கும் ஒரு தம்ளர் ஊற்றிக்கொண்டாள். அந்த அழுகையிலும் எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. “நீ குடிச்சதெல்லாம் ரெண்டாம் டிக்காஷன், ஒனக்கு ஒண்ணும் ஆவாது, பயப்படாத” என்றேன். அவளுக்குப் புரியவில்லை. உங்களுக்குப் புரிந்திருக்கும்.

போன மாதம் உங்கள் வருடத் திதிக்கு மகனும் மருமகளும் வந்திருந்தார்கள். கணவன் கூப்பிடுவதைக் கேட்டு அந்தப் பெண்ணும் என்னை அத்தை என்றே கூப்பிடுகிறாள். காலையில் எனக்கு முன்னால் எழுந்து, பாவம், காப்பி கலந்து கொண்டுவந்து நீட்டினாள். வை தாயி, ஆற்றுக்குப் போய்விட்டு வந்து குடிக்கிறேன் என்றேன்.

“ஆறிப் போயிடுமே அத்தை. உங்களுக்கும் தைராய்டு மாத்திரை இருக்கா?”

“எனக்கு ஒரு மாத்திரையும் இல்ல தாயி.”

“அப்புறம் எதுக்கு ஒரு மணி நேரம் காத்துட்டு இருக்கீங்க?”

என்ன சொல்வது என்று யோசிக்கவே இல்லை, மதினி. வாயில் வந்ததைச் சொன்னேன்.

“ஒங்க மாமியா தனியாக் காத்துக் கெடக்க மாட்டாக.”