மஞ்சள் வந்தது அக்கா

அன்றைக்குக் குகை வாசலில் நின்றது நீ, நான், ஊர்க்கவுண்டர் நஞ்சப்பன், அத்திப்பள்ளிப் பக்கமிருந்து குவாரி எடுக்க வந்த சீனப்பா. மஞ்சள் வருகிறதா என்று கீழே ஏரி ஊற்றுக்கண்ணில் காவல் நின்றது என் மகன் மாதேஷ். ஒருத்தரையும் நான் மறக்கவில்லை அக்கா.

இன்று காலை ஏரி நுரை பறந்து வந்து கொடியில் காய்ந்த என் சேலையில் அப்பிக்கொண்டது. எடுத்துப் போட்ட கை, மூன்று முறை சோப்புப் போட்டும் நாறுகிறது. அந்தக் கையோடுதான் எழுதுகிறேன்.

பாறைக்குள் வெடிப்பு ஓடுகிறது, மழைத்தண்ணி அதில் இறங்கிக் குகைச் சுனையில் தேங்கி, அங்கிருந்து ஏரிக்கு வருகிறது என்று நீதான் சொன்னாய். மற்ற ஏரிகள் காய்ந்து கிடக்க, சித்திரையிலும் நம் ஏரியில் விரால் துள்ளியது அதனால்தான் என்றாய். கல்லுக்குள் ஏது தண்ணி என்று சீனப்பா சிரித்தார். கிணற்றுக்குக் கிணறு ஊற்றுக்கண் ஓடுகிறதா என்று மஞ்சள் கரைத்துப் பார்ப்போமே, அதையே செய்து காட்டுகிறேன் என்றாய். வௌவால் எச்சத்தில் தவழ்ந்து உள்ளே போய், இரண்டு படி மஞ்சளைச் சுனையில் கொட்டினாய்.

பொழுது சாயும்போது மாதேஷ் ஏறி வந்தான். "மஞ்சளும் வரல, ஒண்ணும் வரல. கொழம்புக்காச்சும் ஆயிருக்கும் பெரிம்மா" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். கவுண்டர் குவாரிக்கு ஊர் சம்மதம் என்று கையெழுத்துப் போட்டார். அன்றிலிருந்து உனக்கு மஞ்சக்கிழவி என்று பேர்.

வீட்டில் அவன் கால் கழுவும்போது பார்த்தேன். நகக்கண்ணெல்லாம் மஞ்சள். என்னடா இது என்றேன். "வந்துச்சு, சேத்தோட மிதிச்சுட்டேன். குவாரில சூப்பர்வைசர் வேலை தரேன்னிருக்காங்க. பேசாம சோறு போடும்மா" என்றான். போட்டேன்.

வெடி வைத்தார்கள். குகை சரிந்தது, சுனை செத்தது. இப்போது ஏரியில் நிற்பது கம்பெனிச் சாக்கடைதான். படுக்கையில் கிடந்தபோதும் நீ, "எங்கடி தப்பு பண்ணேன்?" என்று என்னைத்தான் கேட்டாய். தெரிந்தும் உன் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டே இருந்தேன். அதற்கு நீ என்ன திட்டினாலும் தகும்.

நீ தப்புப் பண்ணவில்லை. இதை நேற்று உன் குழிமேட்டில் பால் ஊற்றும்போது எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டேன். சீனப்பா வெளியூர்க்காரர், போகட்டும். கவுண்டர் கேட்டதை நம்பினார், போகட்டும். நான் பெற்ற மாதேஷை மட்டும் விடமாட்டேன்.