வெள்ளிக்கிழமை வாதம்

2023 பெப்ரவரி 21, செவ்வாய்

இன்றைக்கும் அடி. லத்தீன் வகுப்பு. ‘அமோ, அமாஸ், அமாத்’ – நேசிக்கிறேன், நேசிக்கிறாய், நேசிக்கிறான். ஐந்தாம் வகுப்பில் ஒரு பொடியன் இரண்டாவதில் தடுமாறினான். ஜெயரட்ணம் ஐயா கையை நீட்டச் சொல்லிப் பிரம்பால் விளாசிவிட்டார். நேசிக்கிறாய் என்று சொல்லத் தெரியாததற்கு அடி! எனக்குச் சிரிப்பும் வந்தது, விசரும் வந்தது.

அவருடைய கந்தோர் அறையில் போய்க் கேட்டேன்.

“எந்தக் காலத்து லத்தீன் வாத்தியார் ஐயா இப்பிடி அடிச்சவர்?”

“எல்லாரும் அடிச்சவைதான், சுலோஜனா. நீர் வடிவா வாசிக்கேல்லை.”

அது உண்மையாகவும் இருக்கலாம். அதுதான் இன்னும் எரிச்சல்.

இந்த மனிதர்தான் இந்தப் பள்ளியையும் கட்டினார். ஓய்வுபெற்ற போதகர். பழைய காலத்துக் கிறிஸ்தவப் பள்ளிகளைப் போல இலக்கணம், தர்க்கம், பேச்சுக்கலை என்று படிப்படியாகச் சொல்லிக்கொடுக்க வேண்டும், அதுவும் தோட்டத் தொழிலாளரின் லயத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று, ஸ்பிரிங்வெளி பாதையில் கைவிடப்பட்டுக் கிடந்த தேயிலை ஸ்டோர்க் கட்டடத்தை வாங்கித் தன் கையாலேயே சுண்ணாம்பு அடித்தார். இது இரண்டாவது வருடம். அரசாங்க வேலையை விட்டுவிட்டு நான் இங்கே வந்ததை அண்ணா இன்னும் மன்னிக்கவில்லை.

மார்ச் 3, வெள்ளி

இந்த நாளுக்காகத்தான் நான் இங்கே இருக்கிறேன்.

வெள்ளிக்கிழமைகளில் வாதம். அதற்கு ஒரு சட்டம் வைத்திருக்கிறோம். எதிராளி சொன்னதை முதலில் நியாயமாகத் திருப்பிச் சொல்ல வேண்டும். “நீங்கள் சொல்வது இதுதான், சரியா?” என்று கேட்க வேண்டும். அவர் “சரி” என்ற பிறகுதான் மறுக்கலாம். கத்தக் கூடாது. கண்ணைப் பார்த்துப் பேச வேண்டும். ஒரு வருடமாக இதைத்தான் பிள்ளைகளின் மண்டையில் ஏற்றிக்கொண்டிருக்கிறேன்.

இன்றைக்குத் தலைப்பு, மழையில் கொழுந்து பறிக்க அனுப்பலாமா. நான் தோட்டத் துரையின் பக்கம். ஏழாம் வகுப்பு லோஜிதா எழுந்தாள். அவளுடைய அம்மா கொழுந்து பறிப்பவள்.

“டீச்சர், நீங்க சொல்றது, கொழுந்து முத்திப் போனா எல்லாருக்கும் நட்டம், அதனால மழைன்னாலும் போகணும். சரியா?”

“சரி.”

“நட்டம் எல்லாருக்கும்னா, நனையிறது மட்டும் ஏன் எங்கம்மா?”

ஐயா ‘சபாஷ்’ என்று மேசையைத் தட்டிக்கொண்டு எழுந்தே விட்டார். எனக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று. இந்தப் பிள்ளையை இனி யாரும் ஏமாற்ற முடியாது என்று நினைத்துக்கொண்டே பஸ் ஏறினேன்.

மார்ச் 6, திங்கள்

லோஜிதாவின் கையை உடைத்துவிட்டான். அவளுடைய அப்பன். யோகராஜ் என்று பெயர். வெலிமடையில் மரக்கறி லொறிக்கு மூட்டை ஏற்றுபவன். சனிக்கிழமைகளில் கசிப்பைக் குடித்துவிட்டு லயத்துக்கு வருவான்.

அடுத்த வீட்டுப் பெரியாயி பள்ளிக்கூட வாசலில் நின்று சொன்னாள். சோறு ஆறிப்போயிற்று என்று பெண்சாதியைக் கீழே தள்ளி மிதித்திருக்கிறான். லோஜிதா நடுவில் போய் நின்றிருக்கிறாள். அழவில்லை, கத்தவில்லை.

“‘அப்பா, நீங்க சொல்றது, நீங்க வரும்போது சோறு சூடா இல்லாட்டி அம்மாவ மிதிக்கலாம். சரியா?’ன்னு கேட்டுச்சு டீச்சர். அவன் கண்ணையே பாத்துக்கிட்டு. நக்கல் பண்றாளேன்னு வெறகுக் கட்டைய எடுத்தான். அப்பவும் ஓடல டீச்சர். அவன் என்னமோ பதில் சொல்லுவான்ங்கிற மாதிரி நின்னுக்கிட்டே இருந்துச்சு.”

‘சரி’க்காக நின்றிருக்கிறாள். அவன் ‘சரி’ சொல்லாமல் மறுக்கக் கூடாதே, சட்டம் அல்லவா. என்னுடைய சட்டம்.

ஐயோ, என்ட பிள்ளை.

மார்ச் 7

ஒன்றும் படிப்பிக்கவில்லை. படம் கீறச் சொன்னேன்.

மார்ச் 9, வியாழன்

லயத்துக்குப் போனேன். லோஜிதாவின் அம்மா விஜயலெட்சுமியின் உதடு வீங்கி, ஒரு கண் மூடிக் கிடந்தது. லோஜிதா உள்ளே மாவுக்கட்டோடு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள்.

“படியில விழுந்திருச்சு டீச்சர். ஆஸ்பத்திரியிலயும் அப்படித்தான் சொல்லியிருக்கேன்.”

“நீங்களும் படியிலயா விழுந்தீங்க?”

அவள் என்னை ஏறிட்டுப் பார்த்தாள். “அது வாய மூடிக்கிட்டு இருந்திருந்தா எனக்கு ரெண்டு மிதியோட போயிருக்கும். நீங்கதானே பேசச் சொல்லிக் குடுத்தீங்க? போங்க டீச்சர்.” கதவைச் சாத்திவிட்டாள்.

ஐயாவிடம் வந்து பொலிசுக்குப் போவோம் என்றேன். இப்போது போனால் ஒரு தாய் தகப்பனும் பிள்ளையை அனுப்ப மாட்டார்கள், பள்ளிக்கூடத்தை மூட வேண்டியதுதான் என்றார்.

“இந்தப் பிள்ளையளுக்காகத்தானே ஐயா பள்ளிக்கூடம்?”

“பள்ளிக்கூடம் இருந்தால்தான் பிள்ளையள், சுலோஜனா.”

கோழை என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டேன். அவர் கோபிக்கவில்லை. அதுவும் பிடிக்கவில்லை.

மார்ச் 24, வெள்ளி

 இன்றைக்கு நடந்ததை எழுதிவிடுகிறேன்.

காலையில் லோஜிதா வந்தாள், தானாகவே, கட்டுக் கையோடு. கட்டிப்பிடித்துக்கொண்டேன். வாதம் தொடங்கி நடந்துகொண்டிருக்கும்போது யோகராஜ் கதவை உதைத்துக்கொண்டு உள்ளே வந்தான். காலையிலேயே கசிப்பு மணம். “எவடி ஒன்னைய வரச் சொன்னது?” என்று அவள் தலைமயிரைச் சுருட்டிப் பிடித்து, உட்கார்ந்திருந்த வாங்கோடு சேர்த்து இழுத்தான். வாங்கு கவிழ்ந்தது. மாவுக்கட்டு சீமெந்தில் இடித்த சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. நான் நடுவில் விழுந்தேன். வாயில் ஒரு குத்து. பல் ஒன்று கையோடு வந்துவிட்டது.

பிறகு ஐயா வந்தார். அறுபத்தெட்டு வயது மனிதர். பிரம்பு நார்நாராகக் கிழியும்வரை அடித்தார். கிழிந்ததும் கவிழ்ந்த வாங்கின் உடைந்த காலைப் பிடுங்கி எடுத்தார். ஒவ்வொரு அடிக்கும் “ஆண்டவரே, ஆண்டவரே” என்றார். யோகராஜ் தலையைக் கைகளால் மூடிக்கொண்டு சுவரோரம் சுருண்டான். “ஐயா, போதும்ங்கய்யா, போதும்ங்கய்யா.” ஐயா தன் கையால் சுண்ணாம்பு அடித்த சுவரெல்லாம் இரத்தம். பாதையில் போனவர்கள் ஓடிவந்து அவரைத் தூக்கி விலக்கியிருக்காவிட்டால் கொன்றிருப்பார்.

பிள்ளைகள் கை தட்டினார்கள். லோஜிதா தட்டவில்லை. அப்பனையும் ஐயாவையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

உண்மையை எழுதுகிறேன். எனக்கு இனித்தது. வாய் நிறைய இரத்தத்தோடு, இன்னும் போடுங்கோ, இன்னும் போடுங்கோ என்றுதான் நினைத்தேன்.

மார்ச் 26, ஞாயிறு

அடிபாடு என்று பொலிஸ் கூப்பிட்டு, இரண்டு பக்கமும் சமாதானம். கை கொடுத்துக்கொண்டார்கள். இனி மகளைத் தொட மாட்டேன் என்றான் யோகராஜ். அவன் முகத்தில் தையல். ஐயாவை நிமிர்ந்து பார்க்கவில்லை.

உடைந்த கையைப் பற்றி ஒருவரும் கதைக்கவில்லை.

மே 2, செவ்வாய்

புதுப் பிள்ளைகள் வந்து குவிகிறார்கள்! பசறையிலிருந்தும் வருகிறார்கள். பதுளைக் கடைத்தெருவிலிருந்து மொஹிதீன் நானா பேரனைக் கூட்டிக்கொண்டு வந்தார். “நல்ல கண்டிப்பான ஸ்கூலாமே டீச்சர், கேள்விப்பட்டோம்.” ஒரு தாய் மகனின் காதைப் பிடித்து ஐயாவின் முன்னால் தள்ளி, “கண்ண மட்டும் விட்டுட்டு மிச்சத்த உரிச்சிருங்கய்யா” என்றாள். தர்க்கம் என்றால் என்ன, லத்தீன் எதற்கு என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை.

ஐயாவுக்குப் பெருமை பிடிபடவில்லை. புதுப் பிரம்புகள் வந்திருக்கின்றன.

ஜூலை 14, வெள்ளி

தலைப்பு, அடித்தால்தான் படிப்பு வருமா. வேண்டுமென்றேதான் வைத்தேன். ஐயாவே அடிக்கும் பக்கம் பேசினார். லோஜிதாவை எழுப்பினேன்.

“எனக்கு மறுப்பு இல்ல டீச்சர்.” உட்கார்ந்துவிட்டாள்.

பிள்ளைகள் போன பிறகு கேட்டேன், ஏனம்மா?

“நான் அப்பாகிட்ட கேட்டேன். கை ஒடஞ்சிச்சு. ஐயா ஒண்ணும் கேக்கல, அடிச்சாரு. இப்ப அப்பா வீட்டுல யாரையும் தொடுறதில்ல.” சற்று நின்று, “அப்ப எது டீச்சர் வேல செய்யுது?” என்றாள்.

அவள் வைத்த வாதத்தில் ஓட்டை இல்லை. நான் படிப்பித்த பிள்ளை. ஏதோ ஆண்டவர், அன்பு என்று உளறினேன். மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

2024 ஜனவரி 16, செவ்வாய்

லோஜிதாவைச் சின்ன வகுப்புக்கு மொனிட்டராக்கியிருக்கிறார் ஐயா. கையில் ஒரு சின்னப் பிரம்பும். வேண்டாம் என்று சண்டை பிடித்தேன். “அவள் நல்லாச் செய்யிறாள். நீர் வந்து பாருமன்” என்றார்.

போய்ப் பார்த்தேன். வகுப்பில் மூச்சுச் சத்தம்கூட இல்லை.

பெப்ரவரி 13, செவ்வாய்

மொஹிதீன் நானாவின் பேரன் ஹஸீப். ஆறு வயது. ‘அமாஸ்’ சொல்ல வரவில்லை. லோஜிதா அவனைச் சுவரோடு நிறுத்தி வைத்து அடித்துக்கொண்டிருந்தாள். முழங்காலுக்குக் கீழே வரி வரியாகத் தடித்திருந்தது. அவன் மூத்திரம் போய்விட்டான். அதற்கும் சேர்த்து அடித்தாள்.

“நிப்பாட்டு!” என்றேன். நிறுத்தவில்லை. “இவன் கேக்க மாட்டேங்கிறான் டீச்சர்” என்று சொல்லிக்கொண்டே ஓங்கினாள். அவள் குரலில் கோபமே இல்லை. அதைக் கேட்டுத்தான் எனக்குத் தலைக்கு ஏறியது.

பிரம்பைப் பிடுங்கி அவளையே அடித்தேன். தோளில், முதுகில், அந்தக் கையிலும். எத்தனை என்று தெரியாது. என்ன சொல்லி அடித்தேன் என்றும் தெரியாது. அவள் அழவில்லை. ஓடவும் இல்லை. நான் களைத்ததும், “சொரி டீச்சர்” என்று சொல்லிவிட்டுப் போய்த் தன் இடத்தில் உட்கார்ந்தாள்.

சின்னப் பிள்ளைகள் எல்லாம் எழுந்து நின்று, நான் கேட்காமலே ஒரே குரலில் அமோ, அமாஸ், அமாத் சொல்லத் தொடங்கினார்கள். ஒரு பிழை இல்லை.

பெப்ரவரி 18, ஞாயிறு

தேவாலயத்தில் பூசை முடிந்து பதுளை பஸ் நிலையத்தில் நின்றேன். யோகராஜ் வந்தான். குடிக்கவில்லை, தலை வாரி, வெள்ளைச் சட்டை. பின்னால் விஜயலெட்சுமி, கையில் வெலிமடை கரட் ஒரு கட்டு. லோஜிதா அவர்களுக்கும் பின்னால்.

என் வாயில் குத்தியவன் எனக்கு முன்னால் நின்று இரண்டு கையையும் கூப்பினான்.

“டீச்சர், புள்ள முதுகப் பாத்தேன். கோவப்படாதீங்க, ஒண்ணு சொல்றேன். மொதல்ல என்னத்தையோ படிச்சுக் குடுத்துக் கெடுக்குறீங்கன்னு நெனச்சேன். இப்பத்தான் டீச்சர் மாதிரி இருக்கீங்க.”

விஜயலெட்சுமி கரட் கட்டை என் கையில் வைத்தாள். “நல்லா இருங்க டீச்சர்.” என்னைப் பார்த்து அவள் சிரித்தது இதுதான் முதல் தடவை.

லோஜிதா என்னைப் பார்க்கவே இல்லை. பஸ் வந்தது. அவன் இன்னும் கையைக் கூப்பிக்கொண்டே நின்றான். நானும் கும்பிட்டேன்.